ஐந்நூற்று நான்காவது வகுத்தல்

கஜா பேராங் என்ற ஊரில் வண்டிகளுக்கு நம்பர் தகடு எழுதிப் பிழைத்தவர் மாணிக்கவாசகம். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தாலும் எண்கள்மேல் அவருக்குத் தனிப் பிரியம். காயவைத்த தகடுகளைப் பார்த்து, இது ஏழால் வகுபடும், அது வகுபடாது என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

ஐம்பத்தாறாம் ஆண்டுக் கடைசியில் புதுத் தூரிகையைப் பழக்க, ஒரு தகட்டில் ஒன்று முதல் ஒன்பதுவரை எழுதினார். 123456789. ஒன்பதால் வகுத்தார், 13717421 வந்தது. அதை ஏழு, பதினொன்று, பதின்மூன்று எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை.

'எதுதான் வகுக்கும், பார்த்துவிடுவோம்' என்று ஆரம்பித்தார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் 3703 வரை எழுதி, வேறெதாலும் வகுபடாத பகா எண்களை மட்டும் விட்டு மற்றதை அடித்தார். அதற்குமேல் தேவையில்லை. 3704-ஐ அதே எண்ணால் பெருக்கினாலே 13717421-ஐத் தாண்டிவிடும்; ஆகவே அது இரண்டாகப் பிரிந்தால் சின்னது 3703-க்குள் இருந்தாகவேண்டும்.

ஒரு பூச்சு காய்வதற்குள் ஒரு வகுத்தல், பலகைச் சுவரில் சாக்கட்டியால்.

"ஏங்க, இந்த நம்பர்ல வண்டி ஏதும் இருக்கா?" என்றாள் மனைவி அஞ்சலை.

"இல்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

சிரித்துவிட்டுப் போனவள், ஒரு நாள் நின்று பார்த்து ஒரு பெருக்கல் பிழையைக் காட்டினாள். அன்றிலிருந்து அவள் சரிபார்க்காமல் அவர் எந்த எண்ணையும் அடிப்பதில்லை.

ஆகஸ்டில் நாட்டின் சுதந்திர நாளுக்கான மெர்டேக்கா பலகைகள் குவிந்தன. பெரிய எழுத்து காய நேரமெடுக்கும். வகுத்தலும் வேகமாக நகர்ந்தது. இது பிரியவே பிரியாது என்று அவர் பாதி முடிவுக்கு வந்திருந்தார். பட்டியலில் ஐந்நூற்று நான்காவது எண் 3607. மீதி இல்லை. ஈவு 3803. அஞ்சலை இரண்டையும் பெருக்கிப் பார்த்துவிட்டு, "வந்துடுச்சுங்க!" என்று கத்தினாள். இன்னும் பதின்மூன்று எண்கள்தான் பாக்கி இருந்தன.

சந்தோஷம் தாங்காமல், பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊரில் வீடுகளுக்குத் தரைக்கல் பதிக்கும் நண்பர் யூனுஸிடம் சைக்கிளில் போனார். விடையைச் சொல்லாமல், "இதைப் பிரிங்க பாய்" என்று 13717421-ஐ மட்டும் எழுதிக் கொடுத்தார்.

யூனுஸ் பென்சிலை எடுத்தார். "இத்தனை கல்லுன்னு வெச்சுக்குவோம். கொஞ்சம் பெரிய சதுரமா எடுப்போம். மூலையில காலியா நிக்கிற இடமும் சதுரமா அமைஞ்சா, மீதியை வெட்டி ஒட்டி நீள்சதுரமாக்கிடலாம், வேலை முடிஞ்சுது. பக்கத்துக்கு 3704 கல்லா? காலி இடம் 2195, சதுரமில்ல. 3705? காலி இடம் 9604... அட, தொண்ணூத்தெட்டு பெருக்கல் தொண்ணூத்தெட்டு! 3705-ல அந்தத் தொண்ணூத்தெட்டைக் கழிச்சா 3607, கூட்டினா 3803."

மாணிக்கவாசகம் அந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "எட்டு மாசம், பாய்."

யூனுஸுக்குச் சங்கடமாகிவிட்டது. "ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கு மாணிக்கம், அதான் சட்டுனு அமைஞ்சுது. தூரமா இருந்திருந்தா நான் வருஷக்கணக்கா சதுரம் போட்டுக்கிட்டிருப்பேன்."

மாணிக்கவாசகத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த வழியை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, வழியெல்லாம் சிரித்தபடியே வீடு வந்தார்.

அவர் சொல்ல வந்ததை அஞ்சலை கேட்பதாக இல்லை. சுவரில் புதிதாக 987654321 எழுதியிருந்தது. கையெல்லாம் சாக்கட்டித் தூள்.

"இதுவும் ஒன்பதால போகுதுங்க. அப்புறம் பதினேழு," என்றாள். "அதுவும் ரெண்டு தடவை!"