அடைப்புப் போட்ட அறையும் எங்கள் வீட்டு நாயும்

என் கணவர் அவிட்ட நட்சத்திரத்தில் இறந்துபோனார். அவிட்டத்தில் பிறந்தால் தவிட்டுப் பானையெல்லாம் தனம் என்பார்கள். அவிட்டத்தில் செத்தால் அடைப்பு. உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். இடையில் திறந்தால் போனவர் அதே வீட்டிலிருந்து இன்னொருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். பஞ்சாங்கத்தைப் புரட்டி இதைச் சொன்ன ஜோசியர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வீட்டில் ஆறு மாதம் குடியிருக்க வேண்டியவள் நான்.

காரியம் முடிந்த அன்றே அவருடைய அக்கா, என் மதினி, அறையைப் பூட்டினார். கட்டில், அவர் சட்டைகள், மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை எல்லாம் உள்ளேயே இருந்தன. அந்த அறைக்குப் பின்பக்கம், கட்டிலை ஒட்டி, ஒரு கதவு உண்டு. அதற்கும் உள்ளே தாழ்ப்பாள் போட்டாயிற்று. சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, "ஆறு மாசத்துக்கு இதைத் தொடக் கூடாதுத்தா" என்று சொல்லிவிட்டு மதினி தன் ஊரான கடமலைக்குண்டுக்குப் பஸ் ஏறினார். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. சின்னமனூரில் அந்த வீட்டில் மிஞ்சியது நானும் நாயும்தான்.

நாய்க்குப் பதினோரு வயது. செவலை நிறத்தில் சாதாரண நாட்டு நாய். எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை ஒன்று என் கணவர் வைத்திருந்தார். அங்கே குட்டியாக வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. "ஏலே" என்பார், வரும். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இதய நோய் வந்து பட்டறையை மூடியபின் இரண்டு வருடம் அவரும் நாயும் பகல் முழுக்க, இப்போது பூட்டிக் கிடக்கும் அந்தப் பின்னறையில்தான் கிடந்தார்கள். நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலைக்குக் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவேன். ஒரு நாள்கூட அது வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. "நம்ம நாய்க்கு இருக்கிற ஒழுக்கம் நம்ம சொந்தக்காரப் பயலுக எவனுக்கும் கிடையாது" என்று அவர் என்னைச் சீண்டுவார். சொந்தக்காரர்கள் என்றால் என் பக்கத்துச் சொந்தம் என்று அர்த்தம்.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், சேலையெல்லாம் ஏலக்காய் வாசத்தோடு வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் மூத்திர நாற்றம். விளக்கைப் போட்டேன். பூட்டிய அறை வாசலில் தேங்கிக் கிடந்தது. நாய் காதை மடக்கிக்கொண்டு சுவரோரம் நின்றது. "என்னலே இது?" என்று கத்தினேன். அப்புறம்தான் அது எந்த வாசல் என்று உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதுவும் அவரைத் தேடுகிறது என்று நினைத்ததும் அழுகை வந்தது.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். கடையில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் முதல் வாரம் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், அப்புறம் பழைய சிரிப்புதான். எனக்கு இருக்கிற அதே வலி இன்னொரு உயிருக்கும் இருக்கிறது, நான் இல்லாத நேரத்தில் அது அந்தக் கதவடியில் போய் நிற்கிறது என்பது எனக்கு வேண்டியிருந்தது. துடைத்துக்கொண்டே அதனிடம் பேசுவேன். "எனக்கும்தான்டா" என்பேன்.

ஆனால் தினமும் நடந்தது. நான் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை, தனியாக விட்டுப்போன நாள்களில் எல்லாம் இருந்தது. ஃபினைல் ஊற்றிக் கழுவினேன். பேப்பர் விரித்தேன், பேப்பரை நகர்த்திவிட்டு அதே இடத்தில் போயிற்று. எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரு சாவியைக் கொடுத்து, மத்தியானம் ஒரு தடவை எட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். "நாய் கண்ணுக்குத் தெரியும்க்கா. அவுக அங்கன நிக்கிறாக போல, அதான் பயத்துல விட்டிருது. வேற என்ன வேலை வேணா சொல்லுங்க, செய்றேன்" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை. அங்கே நிற்பவர் என் கண்ணுக்கும் தெரியக் கூடாதா என்றுதான் இருந்தது.

மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் நின்றன. டாக்டர் சின்ன வயசுப் பெண். மூத்திரத்தைப் பரிசோதித்து, சர்க்கரை இல்லை, சிறுநீரகத்திலும் கோளாறு தெரியவில்லை என்றார்.

"எவ்வளவு நேரம் தனியா இருக்கும்மா?"

"காலையில போனா ராத்திரிதான் டாக்டர்."

"வயசான நாய் அவ்வளவு நேரம் அடக்காதே. முன்னாடி பகல்ல யாரு வெளிய கூட்டிட்டுப் போவா?"

"யாரும் கிடையாது. வீட்டுக்காரர் இருந்தாக, ஆனா ரெண்டு எட்டு நடந்தா அவுகளுக்கு மூச்சு வாங்கும். காலையிலயும் ராத்திரியும் நான்தான். நடுவுல அது பாட்டுக்கு அடக்கிக்கிட்டு இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன்.

டாக்டர் நம்பாமல் நாயைப் பார்த்தார். ஃபினைல் போட வேண்டாம், அந்த நெடிக்கே அது திரும்ப அங்கே போகும் என்றார். மூத்திரம் பெய்யும் என்று பயந்து தண்ணீர் வைக்காமல் மட்டும் போய்விடாதீர்கள் என்றார். வீட்டில் சமீபத்தில் ஏதாவது மாறியதா என்று கேட்டார். சொன்னேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "அவர் போட்ட பழைய சட்டை ஒன்ன அது படுக்கிற இடத்துல போட்டுப் பாருங்க. சில நாய்க்கு அதுவே போதும்."

சட்டை எங்கே இருக்கிறது? எல்லாம் பூட்டுக்குள். கடைசியாக உடுத்தியிருந்ததை அவரோடு எரித்தாயிற்று. சாவி இருக்கும் இடம் தெரியும், கைதான் அந்தப் படத்தருகே போக மறுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தார். நேராக அறை வாசலுக்குத்தான் போனார். ஈரத்தில் கதவின் அடிப்பலகை ஊதியிருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்து, விரலை மோந்து பார்த்தார்.

"ஏத்தா, என் தம்பி உசுரு போன வாசல்ல நாய் மோண்டு வைக்குது. நீ தொடைச்சுக்கிட்டு இருக்கியா?"

"அது அவுகளைத் தேடுது மதினி."

"தேடட்டும், தோப்புல வந்து தேடட்டும். வார ஞாயித்துக்கெழமை குட்டியானை லோடு வண்டியை அனுப்பச் சொல்றேன். ஏத்தி விடு."

மதினியின் தென்னந்தோப்பில் பன்றி விரட்டுவதற்கென்று மூன்று முரட்டு நாய்கள் உண்டு. ஒரு கீரிப்பிள்ளையை அவை பிய்த்துப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். "இது கிழடு மதினி. அங்கன இருக்கிற நாய்க கொதறிரும்" என்றேன். கட்டித்தானே போடப் போகிறோம் என்றார். பல் தேய்ந்த நாயைச் சங்கிலியில் கட்டி அந்த மூன்றுக்கும் நடுவில் விட்டால் எத்தனை நாள் தாங்கும்?

"அப்ப அறையைத் திறந்து ஒரு சட்டையை மட்டும் எடுத்துக்கிறேன். டாக்டர் சொன்னாக."

"வாயைக் கழுவு! இன்னொரு உசுரைக் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

இன்னொரு உயிர் என்றால் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், நான், இல்லாவிட்டால் இந்த நாய். யாரைக் கூட்டிப் போனாலும் எனக்குச் சம்மதம்தான் என்று வாய்வரை வந்தது. ஆனால் மதினி அழுதுகொண்டிருந்தார். தம்பியைத் தூக்கி வளர்த்த கை அது. என்னையும் பறிகொடுத்துவிடக் கூடாது என்ற பயம் அந்தக் கோபத்துக்குள் இருந்தது. சோறு போட்டு அனுப்பினேன்.

வண்டி வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கடைக்கு லீவு சொன்னேன். அந்த வாரமும் கதவடி ஒரு நாள்கூடக் காயவில்லை. குளித்தேன். சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சாவியை எடுத்தேன். சட்டையை மட்டும் எடுப்பது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பூட்டைத் திறந்ததும் நாய் என் காலடியில் வந்து நின்று, கதவு இடுக்கில் மூக்கை வைத்து, முனகியது. சட்டை எதற்கு, அதுவே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று தோன்றிவிட்டது. அவர் இல்லை என்று அதுவும் தெரிந்துகொள்ளட்டும். இரண்டு பேருமாக அழுது தீர்த்துவிட்டு எழுந்துவிடுவோம் என்று நினைத்தேன்.

"போலே, பாரு" என்று கதவைத் தள்ளினேன்.

அடைந்து கிடந்த அறையிலிருந்து அவருடைய தலை எண்ணெய் வாசம் வந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நாய் உள்ளே போனது. கட்டிலைத் தாண்டிப் போனது. தலையணையை மோந்து பார்க்கவில்லை. கட்டிலடியில் கிடந்த செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போய் நின்று, முன்காலால் அடிப்பலகையைப் பிறாண்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பலகையில் அதே உயரத்தில் நிறையப் பழைய பிறாண்டல்கள் இருந்தன.

தாழ்ப்பாளை விலக்கினேன். கிழட்டுக் கால்களோடு அது ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் ஒரு முருங்கை மரமும் செப்டிக் டேங்க் மூடியும்தான் உண்டு. மரத்தடியில் போய்க் காலைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் பெய்தது. அடிமரத்தில் பட்டையே நிறம் மாறியிருந்தது.

அவர் திறந்துவிட்டிருக்கிறார். இரண்டு வருடமாக, நான் போடியில் பில் போட்டுக்கொண்டிருந்த பகல்களில், கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டித் தாழ்ப்பாளை விலக்கியிருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை. இதையெல்லாம் யார் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் நாய் பின்பக்கம் போவதை நானும் பார்த்திருக்கிறேன், வெயில் காயப் போகிறது என்று நினைத்தேன். மதினிக்குத் தீட்டு, எதிர்வீட்டுக்காரிக்குப் பேய், எனக்குப் பாசம். அதற்கு வந்தது மூத்திரம்.

சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. நாய் உள்ளே வந்து, மறுபடியும் கட்டிலைத் தாண்டி, ஹாலில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் கட்டிலில் உட்கார்ந்து அவர் சட்டை ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அது தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தது, பிறகு கண்ணை மூடிக்கொண்டது. அதன்மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இனிமேல் பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவது என்று முடிவு செய்தேன். திருடன் வந்தால் வரட்டும், எடுத்துப் போக என்ன இருக்கிறது.

சாயங்காலம் மதினிக்குப் போன் போட்டு, வண்டி வேண்டாம் என்றேன். ஏன் என்றார். அறையைத் திறந்து நாயை உள்ளே விட்டுவிட்டேன் என்றேன். ஏசப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"உள்ள போயி என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. "என் தம்பியைத் தேடுச்சா?"

ஹாலில் நாய் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

"தேடுச்சு மதினி" என்றேன். "கட்டில்ல ஏறி, தலகாணியை மோந்து மோந்து பாத்துச்சு."

மதினி விம்மி விம்மி அழுதார். அழட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் அவரைத் தேட என்னைத் தவிர யாரும் இல்லை என்று மதினியிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.