பூக்கட்டிய காரும் மீன் ஏற்றும் வண்டியும்

போன வாரம் என் அக்கா மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். ராயபுரத்தில், எங்கள் பங்குக் கோயிலில். மணப்பெண்ணைத் தாய்மாமன்தான் கோயில் வாசல்வரை வண்டியில் கூட்டிப்போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தாய்மாமன் நான். கார் என்னுடையது. இந்த ஒரு நாளுக்காகவே அந்தக் காரை வாங்கினேனோ என்று என் மனைவிக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

வாங்குவதற்கு முன் எவ்வளவு யோசித்தேன் என்பது இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். வாரக்கணக்கில் எழுதி உங்களைப் படுத்தியிருக்கிறேன். சின்ன கார் - கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து வர வேண்டிய ஊர் இது. பெட்ரோல் - தினமும் ஓட்டப்போவதில்லை, நிற்கிற வண்டிக்கு டீசல் எதற்கு? சாம்பல் நிறம் - மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் வெள்ளைக் கார் எப்படியும் சாம்பலாகிவிடும். முதலிலேயே அப்படி வாங்கிவிட்டால் மனம் நோகாது.

ஆயில் மாற்றுவது தேதிப்படி. பேட்டரிக்குத் தண்ணீர் பார்ப்பது தேதிப்படி. டயர் எந்த மாதம் தயாரானது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கடல் காற்றுக்கும் கரிக்கும் பயந்து, ஓட்டாத நாளெல்லாம் கவர் போட்டு மூடி வைப்பேன்.

எதிர்வீட்டு அந்தோணியிடம் இருப்பது ஒரு குட்டியானை. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் சின்ன சரக்கு வண்டி. "ஆயில் எப்பப்பா மாத்துவே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கறுப்பானா மாத்துவேன் மாமு. ஆனா டீசல் வண்டில ஆயிலு ஊத்தன அன்னிக்கே கறுப்பாயிடுது... இன்னா பண்ண சொல்ற?"

அந்த வண்டி முதல் திருகிலேயே ஸ்டார்ட் ஆகும். அதுகூடப் போகட்டும். தெருவில் வீடு மாற்றுகிறவர்கள், வலி கண்ட கர்ப்பிணி, பீரோ வாங்கியவர் - எல்லோரும் போய் நிற்பது அந்தோணி வீட்டு வாசலில். என் காரை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்... கேட்கலாமே!

பொறாமைதான். நாகரிகமான வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய வாரமே காரைக் கழுவினேன். அடிப்பாகம், சக்கரத்தின் உள்பக்கம் எல்லாம் பைப்பை நீட்டிப் பீய்ச்சினேன். வாசலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, கவர் போட்டு மூடினேன். அப்புறம் தொடவே இல்லை. அழுக்காகிவிடுமே!

கல்யாணத்தன்று காலையில் கவரை எடுத்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. அக்கா ரோஜாச் சரம் கட்டினாள். அந்தோணியும் வந்து நின்றான், பிரியாணி தேக்ஸாக்களை மண்டபத்துக்கு ஏற்றிப்போக. அதற்காக அவன் வண்டியையும் கழுவியிருந்தான். பார்த்தேன்... பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஸ்டெல்லா வெள்ளைப் பட்டில் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைத் திருகினேன். எஞ்சின் பூனை மாதிரி முனகியது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது. அவ்வளவுதான். நகரவில்லை.

நாலு பேர் தள்ளினார்கள். ம்ஹூம்.

"இன்னா நைனா, பொண்ணவுட உன் வண்டி வெக்கப்படுதே!" என்றார் பக்கத்து வீட்டு காதர் பாய்.

அந்தோணி குனிந்து பின்சக்கரத்தைத் தட்டினான். "ரெண்டு டயரும் ஜாமாயிக்கீது மாமு. ஈரத்தோட பிரேக்க இஸ்து வுட்டு மூடிக்கினியா? துரு புட்ச்சிக்கிச்சு. சக்கரத்த கயட்டித்தான் அடிக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"பூசை முடிஞ்சிடும்."

எங்கள் ஃபாதர் நேரத்தில் கறார். தாமதித்தால் பிரசங்கம் முழுக்க எங்களைப் பற்றியே இருக்கும். அக்கா அழ ஆரம்பித்தாள். டாக்ஸி கூப்பிடலாம் என்று நான் போனை எடுப்பதற்குள் ஸ்டெல்லா கீழே இறங்கிவிட்டாள்.

"மாமா, நான் அந்தோணி அண்ணன் வண்டில போறேன்."

"மீன் வண்டிலயா!"

"நாத்தம்லாம் இல்ல மாமா. கழுவிக்கீறாரு."

என் காரிலிருந்த ரோஜாச் சரம் அவிழ்ந்து குட்டியானையின் நெற்றிக்கு மாறியது. தேக்ஸாக்கள் கீழே இறங்கின. சீட்டின் மேல் சலவைப் போர்வை விரித்தார்கள். நான் சாம்பல் நிறக் காரில் சாய்ந்துகொண்டு நின்றேன். என் முகமும் காரும் ஒரே நிறத்தில் இருந்திருக்கும்.

முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒன்றில் பெண். இன்னொன்றில் ஓட்டுகிறவன். அப்படியானால் மாமன்?

அந்தோணி சாவியை என் கையில் வைத்தான். "நீ ஓட்டு. நீதான மாமன்? நான் பின்னால குந்திக்கிறேன்."

கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்குப் போட்ட புதுச் சட்டையோடு தொட்டியில் ஏறிக்கொண்டான். தாராளத்திலும் என்னைத் தோற்கடித்துவிட்டான் பாருங்கள்! என் காரின் சாவியை இப்படி நான் நீட்டியிருப்பேனா?

ஓட்டினேன். கிளட்ச் வெண்ணெய். ஸ்டியரிங் விரலுக்கு வளைந்தது. உயரமான சீட்டிலிருந்து தெரு முழுக்கத் தெரிந்தது. தெருவுக்கும் எங்களைத் தெரிந்தது. மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையாட்டினார்கள். "எங்க மருமவப் பொண்ணு போவுது பாரு!" என்று ஒரு குரல். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் ஆட்டினாள். ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிய என் காரில் போயிருந்தால் அவளை யார் பார்த்திருப்பார்கள்?

கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கழுவினால் ஒரு சுற்று ஓட்டிக் காயவிடுங்கள். பல நாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் வேண்டாம், சமதரையில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மூடி மூடிக் காப்பாற்றிய வண்டி கூப்பிட்ட நேரத்துக்கு வராது.

கோயில் மணி அடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்தோம். ஸ்டெல்லாவைக் கைபிடித்து இறக்கி, வாசல்வரை கூட்டிப்போனேன். பின்னால் அந்தோணி, "மாமு, சாவி" என்றான்.

மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.