வயிற்று வலி என்று எழுதிய சீட்டு

நாவலூர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் ஜெயப்ரியாவுக்குக் கேள்விக்காரி என்று பெயர். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அவள் வேலை. மெடிக்கல் கோடிங் என்பார்கள்; அதில் அவளுக்குக் கைனக், அதாவது பெண்கள் நோய்ப் பிரிவு. கர்ப்பப்பை இறக்கம் என்று மட்டும் எழுதி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை டாக்டர் விட்டிருந்தால் அவள் ஊகித்து எண் போட மாட்டாள். பாதி இறங்கியிருந்தால் ஓர் எண், முழுக்க வெளியே வந்திருந்தால் வேறு எண். விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

“ஓஹையோல ஒரு டாக்டர் உன் பேரைக் கேட்டாலே காண்டாவாரு, ஜெயா,” என்பான் டீம் லீட் மெர்வின்.

“அவர் ஒழுங்கா எழுதட்டும், நான் ஏன் கேக்கப்போறேன்?”

அவளுடைய அம்மா அங்காளம்மா மேடவாக்கம் கூட்டுரோட்டில் மீன் விற்பவள். விடியும்போதே மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்றிவிடுவாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது ஜெயப்ரியா ஒருத்திதான். பயோடெக் படித்து முடித்து, இப்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து கம்பெனி வேனில் போய் வருகிறாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பழைய புடவைத் துண்டை மடித்து, கால்களை அகட்டி நின்று வைத்துக்கொள்வதை ஜெயப்ரியா பார்த்துவிட்டாள்.

“இன்னாம்மா அது?”

“ஒண்ணுமில்லடி. அடி எறங்கிக்கீது. பொம்பளைன்னா அப்டித்தான்.”

அந்த வாரம் மட்டும் அந்த நோய்க்கு நாற்பது முறையாவது எண் போட்டிருப்பாள். மறுநாளே லீவு சொல்லிவிட்டு, கிழக்குத் தாம்பரத்தில் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போனாள்.

புறநோயாளிப் பிரிவில் ஒரே கூட்டம். மேஜையை ஒட்டியே அடுத்த நோயாளிகள் நின்றார்கள். பயிற்சி டாக்டருக்கு அவள் வயதுதான் இருக்கும். பழக்கத்தில் அவள் மாட்டி வந்திருந்த கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு அவளிடமே ஆங்கிலத்தில் கேட்டான், அம்மாவுக்கு என்ன என்று. அங்காளம்மாவும் மகளைத்தான் பார்த்தாள்.

தினமும் விரல்கள் தட்டச்சு செய்யும் வார்த்தை. இரண்டு மொழியிலும் தெரிந்த வார்த்தை.

“வயித்து வலி சார்,” என்றாள் ஜெயப்ரியா. “சாப்பிட்டா எரியுதாம்.”

இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. அவன் எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினான். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா அவள் தொடையில் தட்டினாள். “எரியுதாம்ல, எரியுது! எங்கேந்துடி புட்ச்ச அத?” இருவரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் பெண் டாக்டர் இருக்கும் நாளாகப் பார்த்து வரலாம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஆபீசில் ஆடிட். பிறகு மாதக் கடைசி. பிறகு அம்மாவும் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

மே மாதம் ஒருநாள் காலையில் அம்மாவின் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. முந்தின நாள் மதியத்திலிருந்து சிறுநீர் போகவில்லை.

அதே மருத்துவமனை. திரைக்குள்ளே பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார் டாக்டர் ஸ்ம்ருதி.

“கர்ப்பப்பை முழுசா வெளிய வந்திருக்கு. மேல புண்ணு. யூரின் போற குழாய் மடங்கி ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கு.” பழைய சீட்டை விரித்தார். “ஜனவரியில வந்திருக்கீங்க. வயித்து வலி, வேற தொந்தரவு இல்லன்னு போட்டிருக்கு. அப்பவே ஏன் சொல்லல?”

திரைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நாந்தாம்மா சொல்லல. வெக்கமா இருந்துச்சி.”

டாக்டர் எழுதினார். ‘நோயாளி மறைத்துவிட்டார்.’ தலைகீழாக இருந்தும் ஜெயப்ரியாவால் படிக்க முடிந்தது.

“டாக்டர், அம்மா மறைக்கல. என்னைத்தான் கேட்டாங்க. நான் மாத்திச் சொல்லிட்டேன். அதைத் திருத்தணும்.”

“நீங்க என்ன பண்றீங்க?”

“மெடிக்கல் கோடிங். கைனக்.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை.

“திருத்தி இப்ப என்ன ஆகப்போகுது? ரத்தத்துல கிரியாட்டினின் ஆறு, ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கணும். யூரினுக்கு ட்யூப் போட்டு, கர்ப்பப்பைய மருந்து வெச்சு உள்ள தள்ளிப் பாக்கலாம். கிரியாட்டினின் கொறஞ்சாத்தான் ஆபரேஷன். இல்லன்னா டயாலிசிஸ்.”

பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு ஏது வெட்கம்? நடுரோட்டில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போலீஸ்காரனோடு சண்டை போடுகிறவள். வெட்கம் தனக்குத்தான். அன்றைக்கு அந்தப் பயிற்சி டாக்டர் முன்னால் எதைக் காப்பாற்றினோம்? தன் ஆங்கிலத்தையா? மீன் நாற்றம் இல்லாத தன் கழுத்தையா? படித்த படிப்பெல்லாம் முன்பின் தெரியாத பெண்களுக்குத்தானா?

வேறொரு பயிற்சி டாக்டர் கேஸ் ஷீட்டோடு வந்தான். “பேஷண்ட்டோட யாரு வந்திருக்கீங்க?” ஜெயப்ரியா எழுந்து திரைக்குள் போனாள்.

“அவள இன்னாத்துக்குக் கூப்பிடற? எனக்கு வாய் இல்லியா?” என்றாள் அங்காளம்மா. “நீ அப்பால போடி.”

வெளியே நின்றாள். மீன் விலை சொல்லும் அதே குரல் வார்டு முழுக்கக் கேட்டது. “மூணு வருசம் சார். மொதல்ல கூடைய தூக்கினா எறங்கும், படுத்தா ஏறிக்கும். இப்போ கொய்யாப்பழம் கணக்கா தொங்கிகினு கீது.” பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வீட்ல யாருக்கும் தெரியாதாம்மா?”



“பொண்ணுக்குத் தெரியும்.”

மறுநாள் காலையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டை லேப்பிலிருந்து அவளே வாங்கி வந்தாள். ஆறு புள்ளி எட்டு. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டில் தொங்கிய பையில் அடியில் மட்டும் கொஞ்சம் சிறுநீர்.

“கொறஞ்சிச்சாடி?”

பக்கத்துக் கட்டில் பெண்ணும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா,” என்றாள் ஜெயப்ரியா. “ஏறியிருக்கு.”