யூரின் கல்ச்சர் கொடுக்க வந்த அம்மாக்கள்

ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். யூரின் கொடுக்க வருகிற பெண்கள் தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படியேறுவார்கள்.

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன லேபில் நான் டெக்னீஷியன். நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் நான் ‘சிஸ்டர்’. மாதவிடாய் நின்றுபோன பிறகு பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிற நீர்க்கடுப்பைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். நீங்கள் ஐம்பதைத் தாண்டிய பெண் என்றால் விளக்கவே வேண்டாம். போய்விட்டு வந்து உட்கார்ந்த உடனே மறுபடியும் முட்டும். போனால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டும் மிளகாய்த்தூள். எனக்கும் வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து எழுந்து போகிறார் என்றால், அவரும் நம் கட்சிதான்.

டப்பா

பொழிச்சலூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் மஞ்சள் துணிப்பை. அதற்குள் பாலித்தீன் கவர், கவருக்குள் எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் செய்தித்தாள் சுற்றிய எங்கள் லேப் குப்பி. முதல் நாள் மகள் வந்து குப்பியை வாங்கிப் போயிருக்கிறாள். இவர் காலையில் வீட்டிலேயே பிடித்து, அந்த வெயிலில் பஸ் மாறி மாறிக் கொண்டுவந்துவிட்டார்.

கல்ச்சர் என்றால், யூரினில் இருக்கிற கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது. அதற்கான யூரின், எடுத்த கொஞ்ச நேரத்துக்குள் எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். சூட்டில் கிடந்தால் குப்பிக்குள்ளேயே கிருமி பெருகிவிடும். எது நோய், எது வழியில் வளர்ந்தது என்று பிரிக்க முடியாது. “இது ஆகாதும்மா, இங்கேயே புதுசா குடுத்துடுங்க” என்றேன். அவர் எங்கள் டாய்லெட் கதவைப் பார்த்தார். அதற்கு நேர் எதிரே இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கிளம்பிப் போகும்வரை முட்டியை நெருக்கிக்கொண்டு நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் குப்பியை என்னிடம் நீட்டும்போதுதான் லேசாகச் சிரித்தார்.

“பஸ்ஸுல மடியில வெச்சுக்கினு வந்தேன் சிஸ்டர். பக்கத்துல இருந்த பொண்ணு, இன்னாமா, பலகாரமான்னு கேட்டுச்சு. ஆமா, எம்பொண்ணுக்குன்னு சொல்லிட்டேன்.”

கொண்டி

செல்விக்கு திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் மாதவிடாய் நின்றபோது, மாதாமாதம் துணி மாற்ற இடம் தேடும் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டவள். அதற்கப்புறம்தான் நீர்க்கடுப்பு ஆரம்பித்தது. ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது.

கம்பெனியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே டாய்லெட். கதவில் கொண்டி கிடையாது. உள்ளே போனால் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் செல்வி காலையில் வீட்டில் குடிக்கிற டீயோடு சரி, சாயங்காலம் வரை தொண்டையை நனைக்க மாட்டாள். டாக்டர் என்னவோ நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒருநாள் துணிந்து சூப்பர்வைசரிடம் போய்க் கொண்டி கேட்டாள். அவனும் மறுநாளே போட்டுக் கொடுத்துவிட்டான். அடுத்த முறை அவள் வந்தபோது, “இப்ப நிம்மதியா தண்ணி குடிக்கிறியா?” என்று கேட்டேன். அவள் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டே பதில் சொன்னாள்.

“கொண்டி போட்டாங்கக்கா. இப்ப நான் எத்தனை வாட்டி போறேன்னு எண்ணுறாங்க.”

ஒன்றும் வளரவில்லை

சந்திரா மேடம் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கத்துக் காலனியில் வீடு. எரிச்சல், அடிவயிற்றில் இழுப்பு, நொடிக்கு நொடி முட்டல் எல்லாம் இருக்கும். கல்ச்சரில் மட்டும் ஒவ்வொரு முறையும் கிருமி எதுவும் வளரவில்லை என்றே வரும். பெங்களூரில் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குக்கூட அவர் போகவில்லை. வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டுமே என்ற பயம். வீட்டில் அதற்கு மருமகள் மேல் கோபம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

ரிப்போர்ட் வாங்க அவர் கணவரும் கூட வருவார். கவுன்டரிலேயே பிரித்துச் சத்தமாகப் படிப்பார். “பாரு, ஒண்ணுமில்லைன்னு தெளிவா போட்டிருக்கான். எல்லாம் உன் மனசுலதான் இருக்கு” என்பார். ஒருமுறை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் எங்கள் மைக்ரோபயாலஜி டாக்டர் அந்த நேரம் அங்கே இருந்தார். “சார், மூத்திரப்பையிலயும் எத்தனையோ விதமான கிருமிங்க எப்பவும் குடியிருக்கு. அதுல கொஞ்சம்தான் எங்க தட்டுல வளரும். வளரலைன்னா அந்தம்மாவுக்கு வலி இல்லைன்னு அர்த்தமில்ல. லேடி டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றார். சார் தலையாட்டினார். ஆட்டிய விதத்திலேயே அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. அவர் வண்டியை எடுக்க வெளியே போனதும் சந்திரா மேடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“ஏதாவது ஒண்ணு வளர்ந்திருக்கக் கூடாதா சிஸ்டர்? நான் பொய் சொல்லலைன்னாவது தெரிஞ்சிருக்கும்.”

மஞ்சள் மாத்திரை

சரோஜா அம்மா பழைய சேலையூர்க்காரர். ஒரு காலத்தில் விவசாயக் குடும்பம். இப்போது நிலமிருந்த இடத்தில் வரிசையாக வாடகை வீடுகள். புருஷன் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் குமார். அவரும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சரோஜா அம்மாவோடுதான் இருந்தார்கள். அறுபத்தெட்டு வயதிலும் அந்தத் தெருவில் அவர் குரல்தான் பெரிய குரல். எங்கள் லேபில் தெருவைத் திரும்பிப் பார்க்காமல் படியேறுகிற ஒரே பெண்மணியும் அவர்தான். “இன்னா சிஸ்டர், நம்ம பாட்டில எடு” என்று சொல்லிக்கொண்டே வருவார்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மஞ்சள் மாத்திரையை எரிச்சல் நிற்கும்வரை மட்டும் போடுவார். மிச்சத்தைக் கடுகு டப்பாவில் பத்திரப்படுத்தி, அடுத்த முறை அதிலிருந்து எடுத்துக்கொள்வார். குடித்தனக்காரப் பெண்கள் யாராவது கடுக்கிறது என்று சொன்னால் அவர்களுக்கும் இரண்டு கொடுப்பார். “எங்க வூட்டு குடித்தனத்துக்கெல்லாம் நான்தான் டாக்டரு” என்று பெருமை வேறு. அப்படிச் செய்யாதீர்கள் என்று நானும் சொன்னேன், பக்கத்து கிளினிக்கில் உட்காரும் லேடி டாக்டரும் சொன்னார். ஒருநாள் அந்த டாக்டரே என் முன்னால் அவரை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்: “இந்த வயசுல ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் குறைஞ்சுடும்மா. அது இருந்தவரைக்கும் அந்த இடத்துல தயிர்ல இருக்கிற மாதிரி நல்ல கிருமிங்க இருந்துச்சு. கெட்டது உள்ள வராம பாத்துக்கிச்சு. இப்ப அதுங்க குறைஞ்சுபோச்சு. மாத்திரையைக் கண்டபடி போட்டா மிச்சமிருக்கிற நல்லதும் செத்துப்போகும், கெட்டது மருந்துக்குப் பழகிடும். நான் ஒரு களிம்பு எழுதறேன். உள்ளே தடவிக்கணும். நல்லது மறுபடி வளரும்.” சரோஜா அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப நல்ல குடித்தனக்காரன் காலி பண்ணிட்டான், வேற ஒருத்தன் பூட்ட ஒடச்சிக்கினு உள்ள வந்து குந்திக்கினான்னு சொல்லு” என்றார். டாக்டர் சிரித்தே விட்டார்.

அடுத்த முறை மறுபடி எரிச்சலோடு வந்தபோது களிம்பைப் பற்றிக் கேட்டேன். கம்பெனியிலேயே அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்களாம், எங்கேயும் கிடைக்கவில்லையாம். எங்களுக்கு இரண்டு கடை தள்ளி இருக்கிற மெடிக்கலிலேயே இருக்கிறது என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“எம்புள்ள எனக்காவ பம்மல் வரைக்கும் அலஞ்சிட்டு வந்து சொல்லிக்கிறான். உனக்கு இன்னா தெரியும்? நீ பாட்டில குடு.”

பாயும் செய்தித்தாளும்

அதே களிம்பை அதே டாக்டர் மும்தாஜ் அக்காவுக்கும் எழுதிக் கொடுத்தார். அக்காவின் கணவர் ஜமால் பாய் பம்மலில் கிரில் கேட் செய்கிறவர். போன வருஷம் நோன்பு மாதத்தில் அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்து, பகலெல்லாம் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி, நோன்பை விடும்படி ஆகிவிட்டது. சின்ன வயதிலிருந்து நோன்பு பிடித்தவர். உடம்பு முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்று பாய் எவ்வளவோ சொல்லியும், சமையலறையில் திரும்பி நின்றுகொண்டு அழுதபடியே தண்ணீர் குடித்தார் என்று பாய்தான் என்னிடம் சொன்னார்.

களிம்பு வாங்க பாய் தானே கடைக்குப் போனார். நானும் அப்போது அங்கே தலைவலி மாத்திரை வாங்க நின்றிருந்தேன். சாயங்கால நேரம், நல்ல கூட்டம். பாய் சீட்டைக் கொடுத்து, எப்படிப் போடுவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றெல்லாம் சத்தமாகக் கேட்டார். கடைக்காரர் தர்மசங்கடமாக அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே, நாப்கினைச் சுற்றுவது போல அந்தக் களிம்பைச் செய்தித்தாளில் சுற்றினார். பாய் அதைப் பிரித்து, தாளைக் கவுன்டர் மேலேயே வைத்துவிட்டு, களிம்பை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இந்த வருஷம் அக்கா முக்கால்வாசி நோன்பு பிடித்தார். அன்றைக்கு அந்தக் கடையில் பாய் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“இது இன்னா திருட்டு சாமானா, மூடிக்கினு போறதுக்கு? எம்பொண்டாட்டிக்கு மருந்துப்பா.”

தெரு முழுக்க

சரோஜா அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முதலில் கேள்விப்பட்டது தெருவில்தான். திடீரென்று ஒருநாள் மருமகளைத் திருடி என்றாராம். பேரனை யார் என்று கேட்டாராம். படுக்கையிலேயே நனைத்துக்கொண்டாராம். காய்ச்சல் என்று எதுவும் அப்போது தெரியவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று வீட்டில் முடிவு பண்ணினார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். வாசலில் நின்று கத்துகிறார் என்று உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

சாப்பாடு கொடுக்கப் போன குடித்தனக்காரப் பெண் ஒருத்திதான், கையைத் தொட்டுப் பார்த்துக் கொதிக்கிறது என்று அலறினாள். ஆட்டோவில் போட்டு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து யூரின் எங்கள் லேபுக்கு வந்தது. குப்பியில் பெயரைப் பார்த்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் எடுத்தேன். வயதானவர்களுக்கு இந்த நோய் முற்றினால் எரிச்சல் கூடத் தெரியாமல் நேராக மூளையைக் குழப்பும் என்று டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்ச்சர் தட்டில் நாங்கள் மருந்து ஏற்றிய சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை வைப்போம். மருந்து வேலை செய்யும் என்றால் அதைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்றிடம் தெரியும். இரண்டாம் நாள் பார்த்தபோது, சரோஜா அம்மாவின் தட்டில் ஒரே ஒரு காகிதத்தைச் சுற்றித்தான் வெற்றிடம் இருந்தது. மஞ்சள் மாத்திரையின் காகிதத்தை ஒட்டிக்கொண்டு கிருமி வளர்ந்திருந்தது. உடனே போன் பண்ணிச் சொன்னேன். அந்த ஒரு மருந்தையும் ஊசியில் ஏற்றினார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து குமார் லேபுக்கு வந்தார், மொட்டைத் தலையோடு. அம்மாவுக்கு நிஜமாகவே என்னதான் ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். பிறகு அவராகவே அந்தக் களிம்பைப் பற்றிச் சொன்னார். பம்மலுக்கெல்லாம் போகவில்லையாம். இங்கேயே கடையில் சீட்டைக் காட்டியபோது, “இது உங்க அம்மாவுக்கா சார்?” என்று கேட்டுக் கடைக்காரர் சிரித்திருக்கிறார். கூச்சத்தில் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து, கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அதை அப்படியே நம்பினார், உங்கள் மேல் அவ்வளவு பாசம் என்று ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அப்புறம் அழுதார். நல்ல உயரமான மனிதர், கூட்டம் நிற்கிற கவுன்டரில் முகத்தை மூடாமல் அழுதார்.

“அதைக்கூட விடுங்க சிஸ்டர். எங்கம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு தெரு முழுக்க என் வாயால சொல்லிட்டேனே. கடைசில அப்படித்தானே அது போச்சு.”

இத்தனை வருஷ வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு தட்டில் கிருமி வளர ஒரு ராத்திரி போதும், ஒரு வீட்டில் ‘எரியுது’ என்ற ஒற்றை வார்த்தை காதில் விழத்தான் வருஷக்கணக்காகிறது என்பதுதான்.