மலைக்குப் போன மாவு

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. போன ஆனியில் கொடைக்கானலுக்கும் மேலே ஒரு மலைக்கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள். "ஒரே வருசந்தாங்க. அடுத்த மாறுதல் கவுன்சிலிங்ல இறங்கிருவேன்" என்று சொல்லிப் போனாள். எனக்கு மில் வேலை. உடன் போக வழியில்லை. மதுரை விளாங்குடி வீட்டில் நானும் மின்விசிறியும்தான் மிச்சம்.

ஆடியில் முதல் தடவை போனேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அவள் வீட்டுத் தகரக் கூரை விடிய விடிய அடித்துக்கொண்டது. குளிரில் இட்லி மாவு மூன்று நாளானாலும் புளிக்கவில்லை என்று அழாத குறையாகச் சொன்னாள். எனக்குள் ஓர் அற்பச் சந்தோஷம். மலை எவ்வளவு அழகாக இருந்தால் என்ன, மாவு பொங்க மதுரை வெக்கை வேண்டுமே!

ஐப்பசியில் தூக்குவாளி நிறைய மாவு சுமந்து போனேன். மழையில் மண் சரிந்து பஸ் மூன்று மணி நேரம் நின்றது. வாளியை மடியைவிட்டு இறக்கவில்லை. அன்றைக்கு அவள் எட்டு இட்லி தின்றாள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள் இரண்டே நாளில் கிளம்பிவிட்டாள். தை கடைசியில் நானே போனேன். கேரட் வயலெல்லாம் உறைபனி. "கவுன்சிலிங்குக்கு இன்னும் எம்புட்டு நாள் இருக்கு?" என்று குரங்குக் குல்லாவுக்குள் இருந்து கேட்டேன். "பாப்போம்" என்றாள். அந்த ஒரு சொல்லை ஊர் வரும்வரை மென்றுகொண்டே வந்தேன்.

சித்திரையில் வாளியை நீட்டியபோது அவள் வாங்கவில்லை. அடுப்போரம் கம்பளி சுற்றிய பானையைத் திறந்து காட்டினாள். மாவு நுரைத்துப் பொங்கியிருந்தது.

"இங்கயே புளிக்குதுங்க இப்ப. பக்கத்து வீட்டக்கா சொல்லிக் குடுத்தாக."

"கவுன்சிலிங்?"

"நான் விண்ணப்பம் போடலைங்க."

"எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. எனக்கு இங்க பிடிச்சிருக்கு."

கோபமென்றால் சமாதானம் பேசத் தெரியும். இதற்கு என்ன பேசுவது? 'நீங்களும் வந்துருங்க' என்று ஒரு பேச்சுக்குக்கூட அவள் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை வலிக்கிறது.

மறுநாள், "இருந்தா வீணாப் போயிரும்" என்று வாளியைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ் மலையிறங்கி வத்தலக்குண்டு வெக்கை அடித்ததும் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு என் வேட்டியில் வழிந்தது.

பக்கத்தில் இருந்தவர் தன் துண்டைக் கொடுத்தார். "இம்புட்டு மாவா! வீட்டுல எத்தன பேருண்ணே?"

"ரெண்டு பேரு" என்றேன்.