பர்ஸானா சொன்னதை நான் எழுதவில்லை

‘சேர், கூட்டக் குறிப்பின் நான்காம் பந்தியில் ஏகமனதாக என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மறுத்துப் பேசினேன். அது எங்கே?’

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வந்த மின்னஞ்சல். அனுப்பியவர் பர்ஸானா. மடவளைக்காரர். எங்கள் தொண்டர் குழுவுக்கு சர்க்கிட் போர்டு வரைந்து கொடுப்பவர்.

புசல்லாவைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்கு மேலே, மண்மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது. அதைக் கண்காணிக்க ஒரு கமரா பொருத்துகிறோம். கமராவையும் பெட்டியையும் இணைப்பது வளையக்கூடிய ஒரு சர்க்கிட் பட்டி. நான் குழுவின் செயலாளர். திகதி, நேரம், மழை, வந்தவர்கள்... எதையும் விடாமல் எழுதுகிறவன் என்று உங்களிடமே எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்!

குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மழையால் பதினைந்து நிமிடத் தாமதம் – இருக்கிறது. தேநீருடன் ரோல்ஸ் – இருக்கிறது. பர்ஸானா பேசியது? இல்லை.

ஆனால் பேசினார். நன்றாக நினைவிருக்கிறது. பட்டி சுலபமாக வளைய வேண்டுமென்று, சிக்னல் கோடுகளுக்கு அடியிலுள்ள செம்பை முழுத் தகடாக வைக்காமல் வலை மாதிரி வைப்போம் என்றார் ஒருவர். பர்ஸானா எழுந்தார்.

“சேர், வல வெச்சா சிக்னல் கெட்டுப் போகும். இந்த ரெண்டு கோட்டுக்கு அடில மட்டுமாவது முழுச் செம்பு வெப்போம்.”

தலைவர் சிவபாலன் அன்று யாழ்ப்பாணம் போயிருந்தார். தலைமை தாங்கியது நான்.

“பஸ் போயிடும்மா. அதெல்லாம் பொறகு பாத்துக்கலாம். வலைக்குச் சம்மதம்னா கைய தூக்குங்க!”

பர்ஸானாவைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். நம் ஊர்ச் சங்கங்களில் எந்தத் தீர்மானம்தான் ஏகமனதாக நிறைவேறாமல் இருந்திருக்கிறது? என் கையும் பழக்கத்தில் அப்படியே எழுதியது.

பட்டி வந்தது. படம் கோடு கோடாக உடைந்தது.

அதே வாரம் கொழும்பு நிறுவனம் ஒன்று, வேலைக்கு விண்ணப்பித்திருந்த பர்ஸானாவைப் பற்றிச் சிவபாலனிடம் அபிப்பிராயம் கேட்டது. அவர் என் குறிப்பைப் புரட்டினார். வரைந்தவர் பர்ஸானா, தீர்மானம் ஏகமனது. ‘வேலையில் கவனம் போதாது’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை மடவளைக்கு பஸ் ஏறினேன். பர்ஸானா கதிரையை இழுத்துப் போட்டார். கோபத்தைக் காட்டவில்லை. பட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“பாருங்க சேர். கமராட படம் இந்த ரெண்டு கோட்டுலயும் சோடியாத்தான் போகுது. ஒண்டுக்கு அடில செம்பு. மத்ததுக்கு அடில ஓட்ட. கோட்டுல போற கரண்ட் அடிச் செம்பு வழியாத்தான் திரும்பி வரணும். ஓட்ட ஈந்தா சுத்தித்தானே வரும்? அப்ப சோடில ஒண்டு பிந்திப் போகும்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். அண்டைக்கும் இதத்தான் சென்னேன். நீங்க மணிக்கூட்டப் பாத்துட்டு ஈந்தீங்க.”

மணிக்கூடு ஒரு சாக்கு. அன்று அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. இவ்வளவு புத்தகம் படித்த மனுஷன், ஏழு பேர் முன்னால் “புரியல, திரும்பச் சொல்லுங்க” என்று எப்படிக் கேட்பது? புரியாததை எழுதாமல் விட்டேன். அதற்காக ஒரு பெண்ணின் பெயர் கெட்டது.

அங்கிருந்தே சிவபாலனுக்குப் போன் செய்தேன்.

“என்ன ஐசே, நீர் எழுதினதை நம்பித்தானே நான் எழுதினனான்!”

“தப்பு என்னுதுங்க ஐயா.”

“ஓம், உம்மடைதான். திருத்தி அனுப்பும். நானும் அந்தக் கொம்பனிக்கு வேறை கடிதம் போடுறன்.”

அன்றே திருத்தம் எழுதினேன். யார் மறுத்தார், ஏன் மறுத்தார், யார் கேட்கவில்லை என்று மூன்றையும். மூன்றாவதில் என் பெயர் மட்டும். சிவபாலன் அதை இணைத்து வியாழன் காலை கடிதம் அனுப்பினார். நேர்முகப் பரீட்சையும் அதே வியாழன் காலைதான்.

கடிதம் அதற்கு முன் அவர்கள் கண்ணில் பட்டதா? இதை எழுதும் வரை உறுதிப்படுத்தவில்லை. பர்ஸானாவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்... கேட்கத்தான் முகமில்லை.