அண்ணன் வீட்டு முகவரி

ஷாம் ஷுய் போ என்ற நகர்ப்பகுதியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் ஐந்தாம் தளத்தில், ஒரே கதவு எண்ணுக்குள் ஆறு குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு வீட்டை ஆறாகத் தடுத்து வாடகைக்கு விட்டவர் திருமதி கோ. மின்கட்டணச் சீட்டும் தண்ணீர்க் கட்டணச் சீட்டும் அவர் பெயரிலேயே வரும். கீழ்வாசலில் உள்ள அஞ்சல் பெட்டி ஒன்றே. அதன் சாவியும் அவரிடமே இருக்கும். ஆகவே அந்த ஆறு குடும்பங்களில் எவருக்கும் அங்கே கடிதம் வருவதில்லை. வங்கிக் கடிதமோ மருத்துவமனைக் கடிதமோ, எதுவாயினும் உறவினர் ஒருவரின் முகவரிக்குப் போகும். விடுமுறை நாளில் அங்கே சென்று, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, கடிதங்களை வாங்கி வருவார்கள். இதை யாரும் பொய் என்று கருதுவதில்லை. மழைக்கு அடுத்தவர் குடையில் ஒதுங்குவதைப் போன்றதுதான் அது.

மூன்றாம் அறையில் குடியிருக்கும் சேத்தோ என்ற குடும்பப் பெயர் கொண்ட விங்-கியுங்கின் கடிதங்கள், புறநகரான துன் முன்னில் இருக்கும் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் வீடு அரசுக் குடியிருப்பு. அந்த வீடு கிடைப்பதற்காக அண்ணனும் அண்ணியும் தங்கள் இளமை முழுவதும் வரிசையில் காத்திருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

கியுங் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். மனைவி மூய்-ஃபோங் ஒரு தேநீர் விடுதியின் சமையலறையில் இறால் கொழுக்கட்டை மடிப்பவர். அவர்களுடைய அறைக்கு ஜன்னல் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஒருவர் மட்டுமே நிற்க முடியும். ஒருவர் நடக்க வேண்டுமானால் மற்றவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். திருமணமான நாளிலிருந்து இருவரும் கேட்டதெல்லாம் ஜன்னல் உள்ள ஓர் அறைதான்.

மின்தூக்கி வேலையில் காத்திருக்கும் நேரமே அதிகம். அந்த நேரங்களில் கியுங் கைபேசியில் பாடம் பார்த்துப் பார்த்தே ஒரு செயலியை உருவாக்கினார். மாஜோங் என்னும் சீனக் காய் ஆட்டத்தில் ஒருவர் வென்றவுடன், அவருடைய காய்களைப் படம் பிடித்தால் போதும். எத்தனை புள்ளி என்று அந்தச் செயலி சொல்லிவிடும். அவர் அதை நண்பர்களுக்கு அனுப்பினார். நண்பர்கள் தம் நண்பர்களுக்கு அனுப்பினார்கள். எங்கள் தெருவில் புள்ளிக் கணக்குக்காக எழுந்த சண்டைகள் குறைந்தன. வேறு காரணங்களுக்காக எழுந்தவை குறையவில்லை.

"ஊரே உங்க கணக்குல விளையாடுது. உங்களுக்கு என்ன கெடைச்சுது?" என்று மூய்-ஃபோங் ஒருநாள் கேட்டாள்.

"வாட்ச்மேன் ஒரு அன்னாசி பன் வாங்கிக் குடுத்தான்."

"அதுல பாதிய அவனே தின்னுட்டான்னு நீங்கதான சொன்னீங்க! கடையில போடுங்க, விலைய வைங்க. எட்டு டாலர் வைங்க. ஒரு பால் டீயவிடக் கம்மிதான?"

செயலிக் கடையில் ஒரு பொருளுக்கு விலை வைக்க வேண்டுமானால், முதலில் விற்பவருக்கான பணக் கணக்கு ஒன்றைத் தொடங்க வேண்டும். பெயர், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் கியுங் தடையின்றிக் கடந்தார். நான்காவதாகக் கேட்கப்பட்டது இருப்பிடச் சான்று. மின்கட்டணச் சீட்டு, தண்ணீர்க் கட்டணச் சீட்டு, வங்கி அனுப்பிய கடிதம் ஆகியவற்றுள் ஒன்று, அவர் பெயரிலும் அவர் முகவரியிலும் இருக்க வேண்டும். பெயருக்கு மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் அலுவலக முகவரிகள் ஏற்கப்படமாட்டா என்றும் எழுதியிருந்தது. அவரிடம் இருந்தது வங்கிக் கடிதம் ஒன்றே. அதில் அவர் பெயர் இருந்தது; முகவரி அண்ணனுடையது.

அவர் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, ஒரு எடத்துல உங்க அட்ரஸப் போட்டுக்கவா?"

"இதுக்குப் போயி போன் பண்ணுவியா? வருஷக்கணக்கா உன் லெட்டர்தான் என் பெட்டிய அடைச்சுக்கிட்டு இருக்கு. போடு, போடு. ஞாயித்துக்கெழமை வா, அண்ணி தாமரைக்கெழங்கு சூப் வைக்கறா."

கணக்கு இரண்டே நாளில் ஏற்கப்பட்டது. செயலி கடையில் ஏறியது, விற்கவும் தொடங்கியது. முதல் மாதத்தின் முடிவில் மூய்-ஃபோங் வாடகை விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினாள். ஜன்னலின் படம் இல்லாத விளம்பரங்களை அவள் திறந்தே பார்க்கவில்லை.

அண்ணன் வீட்டின் எதிர்வீட்டில் மோக் என்பவர் இருந்தார். அவரும் எட்டு டாலர் கொடுத்து அந்தச் செயலியை வாங்கியவர். ஒரு மாலை ஆட்டத்தில், தமக்குக் கிடைக்க வேண்டிய புள்ளியைச் செயலி குறைத்துவிட்டதாக அவருக்குக் கோபம் வந்தது. புகார் எழுத வேண்டும் என்று, கடையில் அந்தச் செயலிக்குரிய பக்கத்தைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டு போனார். யாரும் படிக்காத அடிப்பகுதியில், 'விற்பவர்' என்ற தலைப்பின்கீழ்ப் பெயரும் முகவரியும் இருந்தன. பணம் கொடுத்து வாங்குபவர், விற்பவரின் இருப்பிடத்தை அறிய உரிமை உடையவர் என்பது கடையின் விதி. மோக் முகவரியைப் படித்தார், தலையை நிமிர்த்தினார், தம் எதிரே இருந்த கதவைப் பார்த்தார்.

உடனே எழுந்து போய் மணியை அடித்தார்.

"என்ன சேத்தோ அண்ணே, வீட்டுக்குள்ளயே கம்பெனி நடத்தறீங்க, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல! மொதல்ல என் புள்ளியக் குடுங்க!"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அந்த வேடிக்கையை அந்தத் தளம் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அடுத்த வாரம் குடியிருப்பு அலுவலர் ஒருவர் வந்தார். அவரிடம் சொன்னது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

அரசுக் குடியிருப்பில் வணிகம் நடத்தக் கூடாது. பெயர் பதியப்படாத எவரும் அங்கே வசிக்கவும் கூடாது. விங்-கியுங் என்ற பெயர் அந்த வீட்டின் பதிவில் இல்லை. ஆனால் அவருடைய முகவரியாக உலகம் முழுவதும் பார்க்கும்படி அந்த வீடு இருந்தது. அலுவலர் அண்ணி கொடுத்த தேநீரை மறுத்தார், அலமாரியைத் திறந்து ஆண்களின் சட்டை அளவுகளைப் பார்த்தார், பணிவாகவே பேசினார். தாம் மறுமுறை வரும்போதும் அந்த முகவரி செயலிக்குரிய பக்கத்தில் இருந்தால் செய்தி மேலே போகும் என்றும், அரசு வீட்டைத் திரும்பப் பெறவும் கூடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அண்ணன் பேசினார்.

"தம்பி, நான் உன்னத் திட்டல. நாந்தான் போடச் சொன்னேன். ஆனா உங்க அண்ணி, மணி அடிச்சாலே நடுங்கிப் போறா. சூப்பு விக்கறவன் அடிச்சாக்கூட."

"மாத்திடறேன் அண்ணே. இந்த வாரமே மாத்திடறேன்."

முகவரியை மாற்றுவதற்கு விண்ணப்பித்தார். புதிய முகவரிக்குரிய சான்றைக் கடை கேட்டது. வங்கிக்குப் போய் முகவரியை மாற்றக் கேட்டார். வங்கியும் சான்றையே கேட்டது. இரு கதவுகளும் ஒன்றையொன்று காட்டின. திருமதி கோ எழுதித் தரும் ஒரு கடிதம் இருந்தால் இரண்டும் திறக்கும்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா உங்க கம்பெனிக்கு அடிக்கறாங்க. நாம எந்த நம்பருக்கு அடிக்கறது?" என்றாள் மூய்-ஃபோங்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் திருமதி கோ எங்கே இருப்பார் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கியுங் அங்கே போனார். நான்கு பெண்கள் மாஜோங் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திருமதி கோ அப்போதுதான் ஓர் ஆட்டத்தை வென்றிருந்தார். கைபேசியைக் காய்களின்மேல் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில், தம் செயலியின் அடையாளமாகக் கியுங் வரைந்த சிவப்புச் சிட்டுக்குருவி சிறகடித்தது.

"எட்டுப் புள்ளி! பாத்துக்கங்கடி, மெஷினே சொல்லுது. நான் சொன்னா நம்ப மாட்டீங்களே!"

"இதச் செஞ்சவன் இந்நேரம் மலைமேல பங்களா கட்டியிருப்பான்" என்றாள் ஒருத்தி.

"என் வீட்டுல குடியிருந்தான்னா வாடகைய ரெண்டு மடங்காக்கியிருப்பேன்" என்றார் திருமதி கோ. நால்வரும் சிரித்தபடி காய்களைக் கலைக்கத் தொடங்கினார்கள். "யாரு, மூணாம் நம்பரா? என்னப்பா, மறுபடி குழாய் ஒழுகுதா?"

தாமே அதை உருவாக்கியவர் என்று சொல்லிவிட வேண்டும் என்ற நினைப்போடு வந்தவர் கியுங். அந்த நினைப்பை அங்கேயே விழுங்கினார்.

"இல்ல கோ அம்மா. நான் உங்க வீட்டுலதான் குடியிருக்கேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தா போதும். பேங்குக்கு."

கலைந்துகொண்டிருந்த காய்களின் ஓசை நின்றது.

"எத்தன வருஷமா இருக்கே?"

"பதினொண்ணு."

"பதினொரு வருஷத்துல உங்கிட்ட நான் ஏதாவது காகிதம் கேட்டிருக்கேனா? அட்வான்ஸுக்கு ரசீது கேட்டியா, நான் குடுத்தேனா? நம்பிக்கைல ஓடுதுப்பா இது. ஒனக்கு ஒரு வரி எழுதினா, நாளைக்கு ஆறு ரூமும் கேக்கும். அப்பறம் கவர்மெண்டு ஆள் ஒருத்தன் டேப்ப எடுத்துக்கிட்டு சுவத்த அளக்க வருவான்." அவர் காய்களை அடுக்கத் தொடங்கினார். "காகிதம் வேணும்னா, காகிதம் குடுக்கற வீடாப் பாத்துப் போயிடு. நான் தடுக்கல."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கியுங்குக்கு மேலும் பேச இடமில்லாமல் செய்தது. காகிதம் கொடுக்கும் வீட்டுக்குப் போக வேண்டுமானால், செயலி விற்க வேண்டும். செயலி விற்க வேண்டுமானால், காகிதம் வேண்டும்.

கடையின் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டபோது ஒரு வழி உண்டு என்று பதில் வந்தது. இலவசமாகக் கொடுக்கப்படும் செயலிகளின் பக்கத்தில் முகவரி காட்டப்படுவதில்லை. விலையை நீக்கிவிட்டால் முகவரியும் நீங்கிவிடும். ஆனால் ஒரு முறை இலவசமாக்கப்பட்ட செயலிக்கு மீண்டும் ஒருபோதும் விலை வைக்க இயலாது.

அதை அவர் மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"வேற பேருல புதுசாப் போட முடியாதா?"

"ஓசியில ஒண்ணு கெடைக்கும்போது, காசுக்கு இருக்கறத எவன் வாங்குவான்?"

"அப்போ கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க. அவரு திரும்ப எப்ப வரப் போறாரோ."

"மணி அடிச்சா அண்ணி நடுங்கறாங்களாம்."

மூய்-ஃபோங் தன் கைபேசியில் சேர்த்துவைத்திருந்த அறைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே யாரோ உலர்த்திய சட்டைகள் தெரிந்தன. பிறகு அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அமுக்குங்க. உங்க அண்ணி சூப்ப நானும்தான் குடிச்சிருக்கேன்."

உறுதியாகவா என்று கடை கேட்டது. மீண்டும் ஒரு முறை கேட்டது. அவர் இரண்டு முறையும் ஆம் என்று அழுத்தினார்.

அலுவலர் மறுபடி வந்தார். பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டு போனார். வீடு அண்ணனிடமே இருந்தது. அண்ணியும் பழையபடி கதவைத் திறந்து சூப் விற்பவனிடம் பேரம் பேசத் தொடங்கினாள். கியுங்கின் வங்கிக் கடிதங்கள் இன்றும் அங்கேதான் போகின்றன. இப்போது அண்ணன் அவற்றைப் பெட்டியிலிருந்து அன்றன்றே எடுத்துவிடுகிறார்.

மாதத்தின் முதல் நாள் வாடகை வாங்க வந்த திருமதி கோ, படியேறிய களைப்பில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒனக்கு ஒண்ணு தெரியுமா? அந்த மாஜோங் ஆப் இருக்கே, அது இப்ப ஓசியாம்! நான் ஒரு ஏமாளி, எட்டு டாலர் அழுதேன். செஞ்சவனுக்கு என்ன கொறையோ, புண்ணியவான்."

"நல்லதுதான் கோ அம்மா" என்றார் கியுங்.

வாடகையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு அவர் நான்காம் அறைக்கு நகர்ந்தார். கியுங் கதவைச் சாத்தினார். அவர் உள்ளே வருவதற்காக மூய்-ஃபோங் கால்களை மடக்கிக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.